ஏற்றத்தில் சூடேறுகிறதா, இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லையா: கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் பாரம் கொண்டுபோகிறவர்களுக்கு

கொழும்புக்குள் ஓடும்வரை லொறி தன் பழுதைக் காட்டாது. கிராண்ட்பாஸில் ஏற்றி வத்தளையில் இறக்குகிற வண்டிக்கு ஏற்றம் என்று இருப்பது களனிப் பாலம் மட்டும்தான். பிரேக் ஒயில் பழசாகியிருந்தாலும், ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும், கிளச் பிளேட் தேய்ந்திருந்தாலும் இந்தச் சமதரையில் தெரியவராது. அதே வண்டியில் சீமெந்தோ மாவோ ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குக் கிளம்பினால், கடுகண்ணாவையில் ஒன்று, றம்பொடையில் ஒன்று என்று எல்லாம் வெளியே வரும்.

எந்த வீதியால் போனாலும் ஓர் இடத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். கண்டி வீதியில் மாவனல்லை தாண்டினால் கடுகண்ணாவை. ஹட்டன் பக்கம் என்றால் அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கலை வரை சுகம், அப்புறம் கினிகத்தேனை. இரத்தினபுரி வழியாகப் பண்டாரவளைக்குப் போகிறவர்களுக்கு பெரகலையும் ஹப்புத்தளையும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் ஓரத்திலிருந்து கிளம்புகிற வண்டி அவ்வளவையும் ஏறி, திரும்பும்போது அவ்வளவையும் இறங்கியாக வேண்டும்.

கீழே அறிகுறியை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உடனே என்ன செய்வது, ஏன் அப்படி ஆகிறது, கராஜில் எதைப் பார்க்கச் சொல்வது என்று அந்தந்த இடத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் பழுது வந்தால் வண்டி நின்றுவிடும், இறக்கத்தில் வந்தால் நிற்காது. அதனால் இறக்கத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகிறது

இது பிரேக் ஒயில் கொதித்துவிட்டதன் அடையாளம். சின்ன லொறி, வான், பட்டா வண்டி என்று ஒயில் பிரேக் உள்ள எல்லாவற்றிலும் வரும்.

உடனே பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். இரண்டு மூன்று மிதியில் கொஞ்சம் பிடிப்பு திரும்பும். பிடிப்பு வந்ததும் அதை வைத்து வேகத்தைக் குறைத்து, ஒரு கியர் இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரங்கட்டுங்கள். ஹேண்ட்பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லு பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும்.

காரணம் இதுதான். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கிவிடலாம். கொழும்பு மாதிரி வருடம் முழுக்க ஈரக்காற்று அடிக்கிற ஊரில் ஒயில் சீக்கிரம் ஈரமாகும். நீண்ட இறக்கத்தில், சில்லோடு சுற்றும் பிரேக் ட்ரம்மின் சூடு சில்லு சிலிண்டருக்குப் போனதும் ஒயிலில் ஆவிக் குமிழ்கள் வரும். ஒயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். உங்கள் கால் அழுத்துவது அந்த ஆவியைத்தான், பிரேக்கை அல்ல.

இதில் ஆபத்தான பகுதி இனித்தான் வருகிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் குமிழ் அடங்கி, பெடல் பழையபடி மேலே வந்து நிற்கும். சாரதி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிதித்துப் பார்த்து, ‘இப்ப சரி’ என்று கிளம்பிவிடுவார். ஒன்றும் சரியாகவில்லை. ஒயிலில் இருந்த ஈரம் அப்படியேதான் இருக்கிறது. மறுபடி சூடேறினால், இம்முறை இன்னும் சீக்கிரமாகவே பெடல் இறங்கும். நன்றாக ஆறிய பிறகு, மிகச் சின்னக் கியரில், நடக்கிற வேகத்தில் அடுத்த நகரம் வரை போய் ஒயிலை முழுக்க மாற்றுங்கள். டப்பாவில் குறைந்ததை நிரப்புவது மாற்றுவது ஆகாது. நான்கு சில்லிலும் பழையதை வெளியேற்றிப் புதியது வரும்வரை பிளீட் பண்ணவேண்டும். மலைக்கு ஓடுகிற வண்டிக்கு டொட் 4 போடலாம். கையேட்டில் தடை இல்லையென்றால் அதுதான் நல்லது. இரண்டு வருடத்துக்கு மேல் எந்த ஒயிலையும் விட்டுவைக்காதீர்கள்.

வண்டி குளிர்ந்திருக்கும் காலையிலேயே பெடல் தாழ்வாக இருந்தால் அது கொதிப்பல்ல. கசிவு, அல்லது பிரேக் அட்ஜஸ்ட் இல்லை. அந்த வண்டியைக் கொழும்பை விட்டே எடுக்கவேண்டாம்.

பெடல் கெட்டியாக நிற்கிறது, ஆனால் வேகம் குறையவில்லை

மேலே சொன்னதற்கு நேர் எதிரான பழுது இது. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பம்ப் பண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே பம்ப் பண்ணிப் பயனில்லை. ஒயில் நல்லாயிருக்கிறது, ட்ரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங்தான் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. மூக்கு முதலில் சொல்லும்: கருகிய, காரமான ஒரு நாற்றம். கண்ணாடியில் பார்த்தால் பின்சில்லிலிருந்து வெண்புகை.

நாற்றம் வந்த கணத்திலேயே நிறுத்த இடம் தேடுங்கள். பிடிப்பு முழுக்கப் போகும்வரை பொறுக்கக் கூடாது. மிச்சமிருக்கும் பிடிப்பு நிறுத்துவதற்கு மட்டும்தான் போதும்.

கணக்குப் பார்த்தால் ஏன் இப்படி ஆகிறது என்று விளங்கும். மொத்தம் 10 டன் எடையுள்ள லொறி நுவரெலியாவிலிருந்து கண்டி மட்டத்துக்கு இறங்கும்போது சுமார் 1,370 மீற்றர் கீழே வருகிறது. அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி முழுவதும் சூடாக மாறினால், 450 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இரண்டு பெரிய பீப்பாய்க்கும் மேல். டயர் உராய்வும் காற்றும் கொஞ்சத்தை எடுக்கும். மீதியை எஞ்சின் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரேக் எடுக்கவேண்டும். நான்கு ட்ரம்முக்கு அது தாங்காது. ட்ரம் சூட்டில் விரிந்து லைனிங்கைவிட்டு விலகவும் செய்யும், அதனால் எயார் பிரேக்கில் தள்ளுகோல் இன்னும் தூரம் ஓடவேண்டியிருக்கும்.

இதற்கு மருந்து பிரேக்கில் இல்லை, கியரில் இருக்கிறது. அதுவும் இறக்கம் தொடங்குமுன் போடுகிற கியரில். நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவில் பேலியகொடை மெனிங் சந்தைக்கு வருகிற ஒரு நானாவோடு முன்சீட்டில் வந்திருக்கிறேன். கரட்டும் லீக்ஸும் கூரையளவு. லபுக்கலைக்கு இறங்குமுன், வீதி இன்னும் மட்டமாக இருக்கிற இடத்தில், வண்டியை ஏறக்குறைய நிற்கும் அளவுக்கு மெதுவாக்கி மூன்றாம் கியரில் போட்டார். புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே தடையாக்குகிற எக்ஸோஸ்ட் பிரேக் சுவிட்சைத் தட்டினார். அப்புறம் தேயிலைத் தொழிற்சாலை விளக்குகள் தாண்டி, றம்பொடை சுரங்கம் வரும்வரை இடக்கை கியர்த் தடிக்குப் போகவே இல்லை. பின்னால் வான்கள் ஹோன் அடித்தன. “கியரை மேலேயே போடணும் தம்பி, பாதியில தேடக்கூடாது” என்றார். கீழே இறங்கி ஒரு தட்டையான இடத்தில் நிறுத்தியதும், புறங்கையைப் பின்சில்லு ட்ரம்முக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல், சூட்டைப் பார்த்தார். முகத்தில் திருப்தி.

‘எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு’ என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். அந்தக் காலத்து எஞ்சினுக்கு அது சரி. இப்போதுள்ள டர்போ எஞ்சின்கள் சிறியவை, ஆனால் இழுவை அதிகம். நான்காம் கியரில் சிரமமில்லாமல் ஏறிவிடும், நான்காம் கியரில் இறங்கும்போது பிடித்து வைக்காது. என் கருத்தில், பாரத்தோடு இறங்க ஏறிய கியருக்கு ஒன்று கீழேயே போடவேண்டும். பிரேக்கில் கால் வைக்காமலே வண்டி ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனால் கியர் சரி. பத்து வினாடிக்கு ஒருதரம் பிரேக் தேவைப்பட்டால் கியர் பெரிது. எக்ஸோஸ்ட் பிரேக்கும் எஞ்சின் நல்ல சுற்றில் இருக்கும்போதுதான் வேலை செய்யும். பெரிய கியரில், குறைந்த சுற்றில் அதைப் போட்டு ஒன்றும் நடக்காது.

பிரேக் மிதிக்கும் விதமும் உண்டு. லேசாக மிதித்தபடியே கீழே வராதீர்கள். வேகம் 30க்கு ஏறினால், உறுதியாக மிதித்து மூன்று வினாடிக்குள் 20க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். மறுபடி 30 வரும்வரை ட்ரம் காற்றில் ஆறும்.

நிறுத்திய பிறகு செய்யக்கூடாத இரண்டு காரியம். வீதியோர நீர்வீழ்ச்சியில் வாளி பிடித்துச் சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றுவதை எல்லா இறக்கத்திலும் பார்க்கலாம். வார்ப்பிரும்பு அதில் வெடிக்கும். வெடிப்பு அன்றைக்குத் தெரியாது, வேறொரு நாள் ட்ரம் துண்டாகும். மற்றது, சூடான ட்ரம்மில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி வைப்பது. ட்ரம் ஆறிச் சுருங்கும்போது லைனிங்கை நசுக்கிக்கொள்ளும். மட்டமான இடமென்றால் கட்டை வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: நாற்றம் இல்லை, பெடல் கல் மாதிரி, எஞ்சினும் நின்றிருக்கிறது என்றால் அது பூஸ்டர், அதாவது மிதிக்கு உதவி கொடுக்கிற பகுதி. எஞ்சின் நின்றதும் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும். இரண்டு காலாலும் மிதித்து நிறுத்துங்கள்.

இறக்கத்தில் கியரைக் கழற்றினேன், சின்னக் கியர் விழவில்லை

வேகம் ஏறிவிட்ட பிறகு கியர்த் தடியைக் கையில் எடுத்தால் இப்படித்தான் ஆகும். பெட்டி ஏற்காது, நியூட்ரலில் நிற்பீர்கள், எஞ்சின் தடை முழுவதும் போயிருக்கும். கழற்றிய கியரையே உடனே திரும்பப் போடப் பாருங்கள். எக்சிலேட்டரை ஓர் அமுக்கு அமுக்கி எஞ்சின் சுற்றை ஏற்றி, கிளச்சை இருமுறை மிதித்துப் போட்டால் விழும். அதைவிடச் சின்னக் கியர் வேண்டுமென்றால் முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இன்றைய டீசல் எஞ்சினில், கியரில் வைத்துக் காலை எடுத்தாலே பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் எரியும்.

குறுக்கு வழியைப் பற்றியும் இங்கேயே சொல்லவேண்டும். கைபேசி வரைபடம் கிட்டின வழியைக் காட்டும், சரிவைக் காட்டாது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களோடு போன பஸ் ஒரு வானையும் முச்சக்கர வண்டியையும் மோதி 7 பேர் இறந்தார்கள். வானில் வந்த குடும்பம் அதில் ஏறக்குறைய முழுதாகவே போய்விட்டது. பாரத்தோடு இருப்பவர் பெரிய வீதியை விட்டு இறங்கவே கூடாது.

எயார் பிரேக் மணி அடிக்கிறது

காற்றழுத்தம் வழக்கமாக 7, 8 பாரில் நிற்கும். 4 பார் அளவுக்கு விழுந்தால் மணியும் சிவப்பு விளக்கும் வரும். அடிக்கடி சின்னச் சின்னதாக மிதித்துக் காற்று டேங்கைக் காலியாக்குவதுதான் பெரும்பாலும் காரணம். மணி கேட்டதும் நிறுத்துங்கள். இன்னும் விழுந்தால், காற்று இல்லாதபோது பிடிக்கிற ஸ்பிரிங் பிரேக் தானாகப் பூட்டும், அது வளைவின் நடுவில் நடக்கக்கூடாது. நின்றதும் எஞ்சினை ஓடவிட்டு அழுத்தம் நிரம்புகிறதா பாருங்கள். பெடலை மிதித்துப் பிடித்தபடி எஞ்சினை நிறுத்தி, ‘ஸ்ஸ்’ சத்தம் எங்கிருந்து வருகிறது என்று, லொறியைச் சுற்றி நடந்து கேட்கும்படி கிளீனரிடம் சொல்லுங்கள். கொழும்பில் தினமும் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீர் வடிக்கவேண்டும். வடிக்காத டேங்கில் காற்றுக்கு இடமிருக்காது.

பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

ஒரு சில்லு பிடிக்கிறது, மறுபக்கம் பிடிக்கவில்லை. ஒயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருக்கலாம், சிலிண்டர் இறுகியிருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கலாம். மட்டமான வீதியில் சில கிலோமீற்றர் ஓடி நான்கு சில்லின் சூட்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மற்றதைவிடக் குளிர்ந்திருப்பது வேலை செய்யாத சில்லு. நெருப்பாக இருப்பது விடாமல் உரசுவது.

எதுவும் பிடிக்கவில்லை, வண்டி ஓடுகிறது

கியரைக் கழற்றாதீர்கள். எஞ்சினை நிறுத்தாதீர்கள், ஸ்டியரிங் உதவியும் காற்றும் போய்விடும். ஹோனையும் விளக்கையும் போட்டபடி, மலைப்பக்கத்து மண்கரையைத் தேர்ந்தெடுங்கள். வளைவு வரும்வரை காத்திருக்காமல், வேகம் குறைவாக இருக்கும்போதே, சாய்வாக, வண்டியின் பக்கத்தைக் கரையோடு உரசவிடுங்கள். கான் இருந்தால் உள்பக்கச் சில்லுகளை அதற்குள் இறக்குங்கள். அச்சு உடையும், பாடி கிழியும், சரக்கு சிதறும். போகட்டும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பள்ளத்தாக்குப் பக்கத்துச் சுவரும் கம்பியும் பாரவாகனத்தைத் தாங்கும் என்று எண்ணவே கூடாது. எதிர்ப்பக்கம் மலையாக இருந்தால், எதிரே வண்டி இல்லாதபோது அந்தப் பக்கத்துக்குப் போவதே மேல்.

மழையில் பின்சில்லு வழுக்குகிறது

எக்ஸோஸ்ட் பிரேக் பின்சில்லை மட்டும்தான் பிடிக்கும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் லொறியில், மழையில், அதைப் போட்டால் பின்பக்கம் விலகும். அப்போது அதை நிறுத்திவிட்டு, கியரில் மட்டும் மெதுவாக வாருங்கள். கடும் மழையென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பிறகே பேலியகொடையைத் தாண்டுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைநாட்டு வீதிகள் எப்படி அறுந்துபோயின என்று எல்லோரும் பார்த்தோம்.

இனி ஏற்றம்: சூட்டு முள் மேலே போகிறது

முதலில் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள். பிறகு ஒரு கியர் இறக்குங்கள். சூடேறும்போது சுற்றை ஏற்றுவதா என்று பயப்படவேண்டாம். விசிறியும் தண்ணீர்ப் பம்பும் எஞ்சின் சுற்றில்தான் ஓடுகின்றன. பெரிய கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது சூடு அதிகம், காற்றும் தண்ணீர் ஓட்டமும் குறைவு. முள் அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி, எஞ்சினை ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால்தான் அதற்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், முழுவதும் ஒரேயடியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

கொழும்பில் பார்க்கவேண்டியவை: ரேடியேட்டர் முன்தட்டில் அடைத்திருக்கும் சேறும் பூச்சியும், விசிறிப் பட்டியின் இறுக்கம், மூடியின் றப்பர். சூடேறுகிறது என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பாஸ்மாரிடம் வண்டியை விடாதீர்கள்.

இழுவை இல்லை, கரும்புகை

மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீற்றருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அது இயற்கை. ஆனால் டர்போ வண்டி கடுகண்ணாவையிலேயே கரும்புகை கக்கினால் எயார் பில்டர் அடைத்திருக்கிறது, அல்லது டர்போ ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது. புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் பில்டர்.

கிளச் நாறுகிறது

வளைவில் பாதிக் கிளச்சில் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். முன்னால் நெரிசல் என்றால் ஹேண்ட்பிரேக்கில் நில்லுங்கள். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையுமுன்பே முதலாம் கியருக்கு வாருங்கள், வளைவுக்குள் கியர் மாற்றாதீர்கள். நாற்றம் வந்தால் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். எஞ்சின் சுற்று ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் பிளேட் முடிந்தது, மேலே போக முயலாதீர்கள்.

ஏற்றத்தில் நின்றுவிட்டது, பின்னால் உருளப் பார்க்கிறது

கால் பிரேக், ஹேண்ட்பிரேக், பிறகு கட்டை. கிளீனர் பக்கவாட்டில் நின்று கட்டையைச் சில்லுக்குப் பின்னால் தள்ளவேண்டும். லொறிக்கு நேர் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது, எவ்வளவு அவசரமானாலும். வீதியோரக் கல் உருளும். ஆப்பு வடிவில் வெட்டிய இரண்டு பலகைக் கட்டைகள் லொறியில் எப்போதும் இருக்கட்டும். ஒரு தரம் முயன்று நகரவில்லையென்றால், ரிவர்ஸ் கியரில் போட்டு, கிளச்சை முழுக்க விட்டு, வழிகாட்ட ஆளை வைத்து, மெதுவாகப் பின்னால் இறங்கி மட்டமான இடத்துக்கு வாருங்கள். கிளச்சை மிதித்தபடி பின்னால் உருளவிடாதீர்கள்.

கல் வைத்திருந்தால் கிளம்பும்போது எடுத்துப் போடுங்கள். நீங்கள் விட்டுப்போன கல்லில் இரவு மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு பிள்ளை மோதும்.

ஸ்டியரிங் இலேசாகிவிட்டது

முன்சில்லில் பாரம் இல்லை. புறக்கோட்டையில் நாட்டாமிகள் இறக்கும் ஒழுங்கை வைத்து ஏற்றுவார்கள். முதலில் இறங்குவது சீமெந்து என்றால் அது கடைசியில், வாலில் வந்து சேரும். மட்டத்தில் ஓடும். ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் சாய்ந்து முன்பக்கம் தூக்கும். பாரமானது பின் அச்சுக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று ஏற்றும்போதே பக்கத்தில் நின்று சொல்லுங்கள். கொழும்பில் இறுக்கிய கயிறு கேகாலைக்குள் தளர்ந்துவிடும், ஏற்றத்துக்கு முன் இன்னொருதரம் இறுக்குங்கள்.

பின்னால் இழுக்கும் ட்ரெயிலர் ஆடுகிறது, அல்லது தள்ளுகிறது

நுவரெலியா ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து ஜெனரேட்டர் ட்ரெயிலர்கள் நிறைய மேலே போகும். இறக்கத்தில் வால் ஆடத் தொடங்கினால் எக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பப் போனால் ஆட்டம் பெருகும். ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் போடுங்கள். பெரும்பாலும் காரணம் எடை அச்சுக்குப் பின்னால் இருப்பதுதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அமரவேண்டும்.

தள்ளும்போது தானாகப் பிடிக்கிற பிரேக் உள்ள ட்ரெயிலர் வேறு விதம். இறக்கம் முழுக்க அது வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் அதன் பிரேக்கும் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். முன்வண்டியில் நாற்றமே இல்லாமல் ட்ரெயிலர் சில்லு மட்டும் புகையும். இடையிடையே நிறுத்தி அதன் சில்லைப் பாருங்கள்.

பழுதான வண்டியை மலையிலிருந்து கட்டி இழுத்து வருவதென்றால் கயிறு வேண்டவே வேண்டாம், இரும்புத் தண்டுதான். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் இருக்காது. எயார் பிரேக் லொறியென்றால் காற்று இல்லாமல் பின்சில்லே சுற்றாது, இழுக்கும் வண்டியிலிருந்து காற்றுக் குழாய் கொடுக்கவேண்டும். அது முடியாவிட்டால் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுவதுதான் வழி.

திரும்பி வந்த மறுநாள், கொழும்பில் பிரேக் கத்துகிறது அல்லது அதிர்கிறது

‘மலைக்குப் போய்வந்தால் அப்படித்தான்’ என்று விடாதீர்கள். ட்ரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். உள்முகத்தில் நீலம் படிந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. தலைமயிர் மாதிரி கோடுகள் இருந்தால் விரல் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது வெடிப்பு, அந்த ட்ரம் கடைசலுக்குப் போகக்கூடாது, மாற்றவேண்டும். லைனிங் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் அதையும் மாற்றுங்கள், உரைத்துப் போட்டால் கொழும்பில் பிடிக்கும், கடுகண்ணாவையில் பிடிக்காது. ஒரே அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பிரேக் ஒயில் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிட்டு, திகதியை எழுதி டப்பா மூடியில் ஒட்டச் சொல்லுங்கள்.